அடம்பங்கொடி மேய்ந்த உல்லன் ஆடுகள்

இராயப்பர்துறையில் கோயில் பூட்டிக் கிடந்த வருஷம், கிறிஸ்மஸுக்கு முந்திய திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில், தெற்குத்தெரு ஜெசிந்தா பின்னி அலமாரியில் வைத்திருந்த உல்லன் ஆடுகள் எல்லாம் இறங்கிப் போய் முற்றத்தில் மேய்ந்துகொண்டிருந்தன. அதைப் பார்த்ததும் அவள் முதலில் செய்த காரியம், கையில் இருந்த விளக்குமாற்றை ஓங்கி, கூரைமேல் உட்கார்ந்து தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்த காக்கையை விரட்டியதுதான். உள்ளங்கை அளவு ஆடு. காக்கை தூக்கிக்கொண்டு போக எவ்வளவு நேரம் ஆகும்?

சத்தம் கேட்டு அவள் புருஷன் கிளீட்டஸ் வெளியே வந்தான். ஆடுகளைப் பார்த்தான். வானத்தைப் பார்த்தான்.

"மழை வாற மாதிரி இருக்கு. நனைஞ்சா சுருங்கிரும். உள்ள ஓட்டு" என்றான்.

கோயில் ஏன் பூட்டிக் கிடந்தது என்றால், போன கிறிஸ்மஸுக்குக் குடில் வைத்ததில் வந்த வினை. வடக்குத்தெருக்காரர்கள் ஒரு குடில் செய்திருந்தார்கள், தெற்குத்தெருக்காரர்கள் ஒரு குடில் செய்திருந்தார்கள், பீடத்துக்கு வலப்பக்கம் யார் குடில் என்பதில் பேச்சு வளர்ந்து, பேச்சு ஏச்சாகி, ஏச்சு அடியாகி, அடி கல்லெறியாகி, களிமண் ஆடுகளும் மாடுகளும் மூன்று ராஜாக்களில் இரண்டு பேரும் நொறுங்கி, கடைசியில் ஆயர் இல்லத்திலிருந்து ஆள் வந்து கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கோயிலுக்கு முன்னால் இரண்டு தெருவுக்கும் நடுவே கிடக்கும் மணல்வெளியில் போலீஸ் நாற்காலி போட்டு உட்கார்ந்தது. இரண்டு தெருவும் ஊர்க்கட்டு போட்டுக்கொண்டன: அந்தத் தெருவோடு இந்தத் தெருவுக்குப் பேச்சு கிடையாது, கல்யாணம் கிடையாது, சாவுக்குக்கூடப் போகக் கூடாது.

ஜெசிந்தா பிறந்தது வடக்குத்தெருவில், வாழ்க்கைப்பட்டது தெற்குத்தெருவில். அவள் தங்கை மெட்டில்டா பிறந்ததும் வடக்கு, வாழ்க்கைப்பட்டதும் வடக்கு. மெட்டில்டா துணி காயப்போடுவது ஜெசிந்தாவின் வாசலில் நின்று பார்த்தால் தெரியும். சிவப்புச் சேலை காய்கிறது, குழந்தையின் பள்ளிக்கூடச் சட்டை காய்கிறது என்று ஒரு வருஷமாக அக்காவுக்குத் தங்கை வீட்டுச் சேதி கொடியில்தான் வந்தது.

அந்தச் சண்டையில் கவிழ்ந்து கிடந்த சூசையப்பர் சுரூபத்தைத் தூக்கக் குனிந்தபோது கிளீட்டஸின் வலக்கை மேல் ஒரு கல் விழுந்தது. எலும்பு கூடிவிட்டது, ஆனால் விரல்கள் மடங்கவில்லை. கயிறு பிடிக்காத கையோடு கடலுக்குப் போக முடியாது. கல்லெறிந்தது மெட்டில்டாவின் புருஷன் அருளப்பன் என்று தெற்குத்தெருப் பெரியவர்கள் புகார் எழுதிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். கிளீட்டஸ் வலியில் கிடந்தான், இடது கைப் பெருவிரலை மையில் அழுத்தி வைத்தான். அருளப்பன் பாளையங்கோட்டை ஜெயிலில் கிடந்துவிட்டு ஜாமீனில் வந்தான், கேஸ் நடந்துகொண்டிருந்தது. உண்மையில் யார் எறிந்தார்கள் என்று கிளீட்டஸ் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்ற ஜெசிந்தாவும் பார்க்கவில்லை. இது இரண்டு பேருக்கும் தெரியும், தெரியும் என்பதும் இரண்டு பேருக்கும் தெரியும். அதனாலேயே அந்த வீட்டில் சோறும் குழம்பும் பற்றிய பேச்சைத் தவிர வேறு பேச்சு குறைந்துபோயிற்று.

ஆனாலும் திருவருகைக் காலம் நெருங்கிவிட்டால் ஜெசிந்தாவுக்குக் கை சும்மா இராது. கன்னியர் மடத்து விடுதியில் படித்த காலத்தில் அக்காவும் தங்கையும் ஒரே கொக்கியூசியை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு குரோஷா பின்னக் கற்றவர்கள். பீடத்துணிக்கு ஓரம் பின்னுவது கடமைக்குச் செய்வது. அவளுக்குப் பிரியமானதெல்லாம் கிறிஸ்மஸுக்கென்று பின்னும் சில்லறைச் சாமான்கள்தான். உள்ளே நாக்கு தொங்கும் சின்ன மணி, தேவதூதனைப் போல் இறக்கை வைத்த சம்மனசு, கஞ்சியில் முக்கி ஊசி குத்தி விறைக்க வைத்த நட்சத்திரம், ஒரு விரல்கூட நுழையாத குட்டிக் காலுறை. மத்தியான வேலை ஒழிந்து, பாத்திரம் கவிழ்த்து, ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு நூல்கண்டை மடியில் போட்டு உட்கார்ந்தாளென்றால், கண்ணிக்குள் கொக்கி போய் நூலை இழுக்க, இழுத்த நூலே அடுத்த கண்ணியாக நிற்க, அந்தக் கண்ணிக்குள் மறுபடி கொக்கி போக, ஒன்றுமே இல்லாத இடத்தில் ஒரு வட்டம் சுருண்டு வட்டம் பூவாகிப் பூ நட்சத்திரமாவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அப்போது அவளுக்கு ஊர்க்கட்டு நினைவில் இராது, கேஸ் நினைவில் இராது, நெஞ்சுக்குள் ஒரு வருஷமாக அடைத்துக்கொண்டிருந்தது எதுவோ விரல் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக இளகி வெளியே போவதுபோல் இருக்கும்.

அந்த வருஷம் சிவப்பும் பச்சையும் வாங்கத் தூத்துக்குடிக்குப் போனவள், கடையில் வெள்ளை உல்லன் நூலைத் தொட்டுப் பார்த்துவிட்டு அதையே அள்ளிக்கொண்டு வந்தாள்.

"யாருக்குட்டி பின்னுத? கோயிலே இல்ல. குடிலுக்கு எங்க போவ?" என்று கேட்டான் கிளீட்டஸ்.

"ஆடெல்லாம் அன்னைக்கு ஒடஞ்சிட்டுல்லா. ஆடு இருக்கட்டும். ஆடு இருந்தா குடில் தானா வரும்."

கிழிந்த வலையை நறுக்கி உள்ளே திணித்து, மிளகு போலக் கறுப்பு நூலில் கண் வைத்து, ஒவ்வொன்றாக அவள் பின்னி முடித்த ஆடுகள்தாம் அந்த ஞாயிற்றுக்கிழமை இறங்கி மேயப் போனவை.

ஆடுகள் வளர்ந்தன. முற்றத்துப் புல் தீர்ந்ததும் கிளீட்டஸ் அவற்றைக் கடற்கரைக்கு ஓட்டிக்கொண்டு போனான். இராவணன்மீசைப் புல்லை அவை முகர்ந்துவிட்டு விட்டன, அடம்பங்கொடியை மட்டும் இலையும் பூவுமாக ஆசையாகத் தின்றன. தின்னத் தின்ன முயல் அளவாயின, பிறகு நாய் அளவாயின, பிறகு நல்ல கிடாய் அளவாயின. கத்தத் தெரியாது அவற்றுக்கு, புழுக்கை போடவும் தெரியாது. ஆனால் முதுகில் முடி தழைத்துக்கொண்டே வந்தது. தழைத்தது சாதாரண ஆட்டு ரோமம் இல்லை; முறுக்கேறி, சீராகத் திரிந்து, கண்டு சுற்றுவதுதான் பாக்கி என்கிற பதத்தில் நூலாகவே வளர்ந்தது. அடம்பம்பூ தின்ற ஆட்டுக்கு ஊதா நூல். கரையேற்றிய வள்ளத்தில் முதுகு தேய்த்த ஆட்டுக்கு வள்ளத்தின் பச்சையும் நீலமும். காலையில் கருக்கலோடு போய் விடிவெள்ளியைப் பார்த்து நின்ற ஒரு கிழட்டு ஆட்டுக்கு என்ன நிறமென்று கடைசி வரை ஊரில் யாரும் ஒத்துப்போகவில்லை.

கத்தரிக்க இரண்டு ஆள் வேண்டும். ஜெசிந்தா ஆட்டை மடக்கிப் பிடித்துக்கொள்ள, கிளீட்டஸ் இடது கையில் கத்தரியைப் பழக்கினான். முதலில் கோணல்மாணலாக வந்தது, பிறகு கை திருந்தியது. ஒரு வருஷமாக வீட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த மனுஷன், இப்போது தோளில் துண்டும் இடுப்பில் கத்தரியுமாக விடியுமுன் கிளம்பிப் போவதையும், வெயிலேறி மணலோடு திரும்பி வந்து, "அந்தக் கறுப்புக்காதுக்காரி இன்னைக்கு ஒழுங்கா மேயல" என்று கவலையோடு சொல்வதையும் ஜெசிந்தா பார்த்தாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு சோறு போட்டாள்.

ஊருக்கு இது ஆச்சரியமாக இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் ஆச்சரியப்பட்டுக்கொண்டே நிற்க யாருக்கு நேரம்? நூல் குவிகிறது, கிறிஸ்மஸ் வருகிறது. தெற்குத்தெருப் பெண்கள் ஜெசிந்தாவின் முற்றத்தில் வந்து உட்கார்ந்தார்கள். கொக்கியூசி இல்லாதவர்கள் குடைக்கம்பியை வளைத்துக்கொண்டு வந்தார்கள். வலை பின்னிய ஊர்தானே, கண்ணி என்றால் என்னவென்று யாருக்கும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. நட்சத்திரமும் மணியும் மாலையும் பின்னினார்கள், வாசலுக்கு வாசல் தொங்கவிட்டார்கள், அதற்குப் பிறகும் நூல் மிஞ்சவே நங்கூரத்துக்கு உறை பின்னினார்கள், ஐஸ் பெட்டிக்குப் பின்னினார்கள், கரண்டு கம்பத்துக்குச் சட்டை பின்னினார்கள். வேர்த்துக் கொட்டும் ஊரில் ஆம்பிளைகள் கழுத்தில் உல்லன் துண்டைச் சுற்றிக்கொண்டு மீன் ஏலம் கூறினார்கள். பக்கத்து ஊரிலிருந்து அகஸ்டின் சாமியாரை வரவழைத்து இது பாவமா என்று கேட்டார்கள். அவர் ஒரு ஆட்டின் வாயைத் திறந்து பார்த்தார், வயிற்றைத் தட்டிப் பார்த்தார், "ஆட்டுக்கு எதிரா திருச்சபையில ஒண்ணும் கிடையாது" என்று சொல்லிவிட்டு ஊதா நூலில் ஒரு கண்டு வாங்கிக்கொண்டு போனார்.

ஆனால் அடம்பங்கொடி நன்றாகப் படர்ந்து கிடப்பது கோயிலுக்கு முன்னால் இருந்த அந்த மணல்வெளியில். ஆடுகள் அங்கேதான் போயின, போனதோடு நிற்காமல் வடக்கே ஏறின. மீசைப்புல்லின் முள்ளில் அவற்றின் நூல் சிக்கிச் சிக்கி நின்றது. வடக்குத்தெருப் பெண்கள் காலையில் வந்து அதைச் சிடுக்கெடுத்துச் சுற்றிக்கொண்டு போனார்கள். கொஞ்ச நாளில் வடக்குத்தெரு வாசல்களிலும் நட்சத்திரம் தொங்கியது. மெட்டில்டாவின் கொடியில் சேலைக்கும் சட்டைக்கும் நடுவே ஒரு சம்மனசு ஆடிக்கொண்டிருந்ததை ஜெசிந்தா தூரத்திலிருந்தே கண்டுகொண்டாள். இறக்கையை இப்படி உட்புறமாக மடக்கிப் பின்னுவது அந்த ஒருத்திதான்.

மணல்வெளியில் நாற்காலி போட்டிருந்த போலீஸ்காரி முத்துமாரி எட்டயபுரத்துப் பக்கத்துப் பெண். ஆட்கள் கூடினால் தடுக்க வேண்டும் என்று அவளுக்கு உத்தரவு. ஆடுகளைப் பற்றி உத்தரவில் ஒன்றும் இல்லை. அவள் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, தெற்கே பார்த்துக் கொஞ்சம், வடக்கே பார்த்துக் கொஞ்சம் என்று இரண்டு பக்கத்துப் பெண்களின் விரலைப் பார்த்தே பின்னக் கற்றுக்கொண்டுவிட்டாள். முதலில் அவள் பின்னியது தன் லத்திக்கு ஒரு உறை.

கிறிஸ்மஸுக்கு முந்தைய வாரம் அது வெடித்தது. ஆடு யாருடையது?

"பின்னுனது எங்க தெருக்காரி" என்றது தெற்கு.

"தின்னது எங்க கொடி. ஊதா நூலு எங்களுக்குச் சேரணும்" என்றது வடக்கு.

மணல்வெளியில் இரண்டு பக்கமும் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். முத்துமாரி எழுந்து நின்று விசில் ஊதிப் பார்த்தாள், யாரும் கேட்கவில்லை, ஸ்டேஷனுக்குப் போன் போட்டாள், அதையும் யாரும் எடுக்கவில்லை. ஆடே சொல்லட்டும் என்று ஒருவர் சொல்ல, வடக்கே கை நிறைய அடம்பங்கொடியோடும் தெற்கே வாளி நிறையக் கஞ்சியோடும் நின்று கூப்பிட்டார்கள். ஆடுகள் இந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தன, அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தன, நடுமணலில் காலை மடக்கிப் படுத்து அசைபோடத் தொடங்கின. அங்கே ஒரு சிரிப்பு எழுந்தது, ஆனால் அந்தச் சிரிப்பே யாருக்கோ பொறுக்கவில்லை. "சிரிக்கியளோ" என்றது ஒரு குரல். ஒரு கெட்ட வார்த்தை பறந்தது, அதைவிடக் கெட்டது திரும்பி வந்தது. பெண்கள் கூட்டத்தில் நின்ற ஜெசிந்தா ஆண்களின் முகத்தைப் பார்க்கவில்லை, கைகளைத்தான் பார்த்தாள். போன வருஷமும் இப்படித்தான் கைகள் மெல்லத் தரையைப் பார்த்து இறங்கின.

அவள் நடந்தாள். நடு மணலுக்குப் போய் முழந்தாளிட்டு, பக்கத்தில் கிடந்த ஆட்டைப் புரட்டினாள். பின்னங்கால் மூட்டுக்கு உள்ளே, முடித்து ஒளித்து வைத்த நூல்முனை எங்கே இருக்கிறதென்று பின்னியவளுக்குத் தெரியாதா? அதைப் பல்லால் கடித்து எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டாள்.

"கல்லத் தொடுங்க" என்றாள். அவள் இவ்வளவு சத்தமாகப் பேசி ஊர் கேட்டதில்லை. "எவனாவது ஒருத்தன் கல்லத் தொடுங்க பாப்போம். நான் பின்னுனத நானே உருவிப் போடுதேன். ஒத்த ஆடு மிஞ்சாது. பிறகு கிடக்க நூலுக்கு அடிச்சிக்கிட்டுச் சாவுங்க!"

இழுத்தாள். கண்ணி கண்ணியாக அவிழ்ந்தது. குளம்பு போயிற்று, கணுக்கால் போயிற்று, உள்ளே திணித்திருந்த பழைய வலைத் துணுக்குகள் மணலில் உதிர்ந்தன. ஆடு எழுந்து மூன்று காலில் நின்றது. ஓடவில்லை. மிளகுக் கண்ணால் அவளையே பார்த்துக்கொண்டு நின்றது. ஜெசிந்தாவின் கண்ணில் நீர் வழிந்து மூக்கு நுனியில் நின்றது, ஆனால் கை நிற்கவில்லை. கால் முடிந்து தொடை அவிழத் தொடங்கியது.

"எக்கா! உருவாத! பாவம்க்கா அது!"

வடக்குப் பக்கத்திலிருந்து வந்தது அந்தக் குரல். எல்லாத் தலைகளும் திரும்பின. மெட்டில்டா கூட்டத்துக்கு முன்னால் வந்து நின்றாள், ஊர்க்கட்டை மீறிய வாயைக் கையால் பொத்திக்கொண்டு. பக்கத்தில் அருளப்பன் நின்றான். அவன் அவளை அதட்டவில்லை, தோளைத் தொட்டான் அவ்வளவுதான்.

ஜெசிந்தாவின் கை நின்றது. ஒரு வருஷமாக அவளை யாரும் எக்கா என்று கூப்பிடவில்லை. நூலை அப்படியே மணலில் விட்டுவிட்டு எழுந்து, யாரையும் பார்க்காமல் வீட்டுக்குப் போனாள். அவளுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் கலைந்து போகும் சத்தம் கேட்டது. கல்லுக்குக் குனிந்திருந்தவர்கள் காலில் முள் எடுக்கத்தான் குனிந்ததுபோல் பாதத்தை ஊதிவிட்டுப் போனார்கள்.

சாயங்காலம் கிளீட்டஸ் பட்டியில் ஓட்டி அடைத்த ஆடுகளில், மறுநாள் காலையில் மூன்று கால் ஆட்டைக் காணோம். அதன் காலிலிருந்து அவிழ்ந்த நூல் மட்டும் பட்டியிலிருந்து கிளம்பி, தெருவைத் தாண்டி, மணல்வெளியைத் தாண்டி நீளமாகக் கிடந்தது. கிளீட்டஸ் அந்த நூலைப் பிடித்துக்கொண்டே போனான். கொஞ்சம் இடைவெளி விட்டு ஜெசிந்தாவும் போனாள். முத்துமாரியின் நாற்காலி வரை வந்ததும் அவன் நின்றான்.

"வடக்க போச்சு, அண்ணாச்சி" என்றாள் முத்துமாரி, பின்னலிலிருந்து கண் எடுக்காமல். "ஆட்டத் தடுக்க எனக்கு ஆர்டர் இல்ல."

"என்னத் தடுக்க?"

"நீங்க ஆடு தேடித்தான போறிய. போங்க."

நூல் மெட்டில்டாவின் முற்றத்தில், பூவரச மரத்தடியில் போய் முடிந்தது. ஆடு அவள் மடியில் தலை வைத்துக் கிடந்தது. கொக்கியூசியோடு அவள் அதன் தொடையில் கண்ணி தேடிக்கொண்டிருந்தாள். கூச்சம் தாங்காமல் ஆடு திமிறியது. கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த அருளப்பன் வந்தவனைப் பார்த்ததும் எழுந்து நின்றான். இரண்டு ஆம்பிளைகளும் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்கள்.

"வாங்க அத்தான்" என்றாள் மெட்டில்டா, நேற்றுத்தான் வந்துபோனவனிடம் சொல்வதுபோல. "முடி அடைச்சிக்கிட்டுக் கிடக்கு. கத்தரிச்சாத்தான் கண்ணி தெரியும். கத்தரி கொண்டாந்தியளா?"

கிளீட்டஸ் இடுப்பிலிருந்து கத்தரியை எடுத்தான். ஆட்டின் பக்கத்தில் குந்தினான். வலக்கையால் அதை அமுக்கப் பார்த்தான். மடங்காத விரல்கள் நூல்மேல் வழுக்கின. மறுபடியும் அமுக்கினான். மறுபடியும் வழுக்கியது. அப்போது அருளப்பன் எதிரில் குந்தி, இரண்டு கையாலும் ஆட்டை இறுக்கிப் பிடித்துக் கால் மேலே வரும்படி புரட்டிக் கொடுத்தான். இருவர் தலையும் முட்டிக்கொள்ளாத குறை. வேலிக்கு வெளியே நின்ற ஜெசிந்தா படலைப் பிடித்துக்கொண்டாள்.

கத்தரி சரக் சரக்கென்று போயிற்று. நீல நூல் இருவர் காலடியிலும் விழுந்தது.

"நான் குனிஞ்சிருந்தேன் அருளு" என்றான் கிளீட்டஸ், கத்தரியைப் பார்த்தபடி.

அருளப்பன் ஆட்டின் காலை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தான்.

"யாரு எறிஞ்சான்னு பாக்கல. பாக்காமத்தான் கைநாட்டு வச்சேன்."

பூவரசிலிருந்து ஒரு பழுத்த இலை ஆட்டின்மேல் விழுந்தது. அருளப்பன் பிடியைத் தளர்த்தாமல் அதை ஊதித் தள்ளினான்.

"காதுப் பக்கம் பாத்து வெட்டுங்கண்ணே" என்றான். ஆட்டின் ஒரு பக்கம் முழுக்கக் கத்தரித்து முடிந்த பிறகு, "கோர்ட்டுல வந்து சொல்லுவியளா?" என்று கேட்டான்.

"சொல்லுவேன்."

"தெருவுல உங்கள சும்மா விடமாட்டானுவ."

"விடாட்டிப் போறான். எனக்குத்தான் ஆடு இருக்கே."

மெட்டில்டா தலை நிமிராமல் வேலியைப் பார்த்துச் சொன்னாள்: "எக்கா, வெயில்ல எதுக்கு நிக்க? காலுக்கு எத்தன கண்ணி போட்டுச் சுத்துன? எனக்கு ஒப்ப வரமாட்டேங்கு."

ஜெசிந்தா படலைத் திறந்துகொண்டு உள்ளே போய்த் தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்தாள். என்ன பேசினார்கள் என்று கேட்டால் இருவருக்கும் சொல்லத் தெரியாது. கால் முடியும் வரை கொக்கியூசி ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறிக்கொண்டே இருந்தது. மெட்டில்டாவுக்குப் பின்னலில் கை இறுக்கம். அதனால் அந்தக் காலில் மட்டும் ஆடு சாகும்வரை சற்று மிடுக்காக நடக்கும் என்று ஜெசிந்தா சொல்ல, இருவரும் சிரித்தார்கள்.

கிளீட்டஸ் வடக்கே போய்வந்தது தெரிந்ததும் தெற்குத்தெருப் பெரியவர்கள் அவனைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். "ஆடு தேடிப் போனேன்" என்றான். ஆடு தேடிப் போவதற்கு ஊர்க்கட்டில் தடை எழுதவில்லை. அவர்கள் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்கள். மறுநாள் வடக்கேயிருந்து ஒரு பெண் தெற்கே தன் தாய்மாமன் வீட்டு வாசலில் வந்து நின்று, ஆடு தேடி வந்தேன் என்றாள். அவளுக்கு ஏது ஆடு? அதற்கு மறுநாள் இந்தப் பக்கத்திலிருந்து இரண்டு பேர், அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பமே, படுக்கையில் கிடக்கும் கூட்டாளியைப் பார்க்கப் போன ஒரு கிழவனார், முறிந்துபோன கல்யாணப் பேச்சை விட்ட இடத்தில் எடுக்கப் போன ஒரு தகப்பன், எல்லோருமே ஆடு தேடிப் போனார்கள், ஆடு தேடி வந்தார்கள். ஒருவரையொருவர் கண்ட இடத்தில், "என்ன, ஆடு கிடைச்சிட்டா?" என்று கேட்டுக்கொண்டார்கள். முத்துமாரி தன் நாற்காலியில் இருந்தபடியே எல்லாரையும் கையசைத்துப் போகவிட்டாள்.

சாவி மட்டும் கிறிஸ்மஸுக்கு வந்து சேரவில்லை. இரண்டு தெருப் பெரியவர்களும் சேர்ந்தே ஆயர் இல்லத்துக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்தார்கள். பார்ப்போம், பொறுங்கள் என்ற பதில்தான் கிடைத்தது. அதனால் கிறிஸ்மஸ் காலையில் அகஸ்டின் சாமியார் பூட்டிய கதவுக்கு முன்னால் மணலிலேயே பூசை வைத்தார். அந்தப் பூட்டுக்குக்கூட யாரோ சிவப்பு நூலில் உறை பின்னி மாட்டியிருந்தார்கள். கோயிலின் நெற்றியிலிருந்து இரண்டு தெருவின் முதல் வீடு வரைக்கும் நட்சத்திர மாலைகள் இழுத்துக் கட்டியிருக்க, கடல்காற்றில் உல்லன் மணிகள் சத்தமில்லாமல் ஆடின. பழைய சுரூபங்களில் தப்பித்த ஒற்றை ராஜாவைக் கொண்டுவந்து மணலில் நட்டு, பக்கத்தில் ஒரு மீன்கூடையில் பாலனை வைத்தார்கள். வலப்பக்கமா இடப்பக்கமா என்று ஒருவரும் கேட்கவில்லை, ஏனென்றால் அதற்குள் ஆடுகள் தாமாக வந்து கூடையைச் சுற்றிப் படுத்துவிட்டன, அதற்குமேல் எதை எங்கே நகர்த்துவது? வானவர் கீதம் பாடும்போது ஜெசிந்தாவுக்கு இடப்பக்கம் மெட்டில்டா நின்றாள். அவள் பாட்டில் ஒரு அடி முந்திப் போவாள், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஜெசிந்தா அவள் விலாவில் லேசாக இடித்தாள்.

பூசை முடிந்து பரிசு கொடுத்துக்கொண்டபோது, ஜெசிந்தா அருளப்பனுக்கு ஒரு குல்லா கொடுத்தாள், மெட்டில்டா கிளீட்டஸுக்கு ஒரு குல்லா கொடுத்தாள். இரண்டும் காதை மூடும் குல்லா, உச்சியில் குஞ்சம் வைத்தது, மலைநாட்டுக் குளிருக்குத்தான் ஆகும். வாங்கியவர்கள் போட்டுக்கொண்டார்கள்.

மூன்று ராஜாக்கள் திருநாள் கழிந்து குடிலை எடுத்த பிறகும் ஆடுகள் போகவில்லை. மேய்ந்துகொண்டுதான் இருந்தன.

அதற்கடுத்த வாரம் கேஸ் வந்தது. கூண்டில் ஏறி நின்ற கிளீட்டஸிடம், அன்றைக்கு நீ என்ன பார்த்தாய் என்று கேட்டார்கள்.

"தரையப் பாத்தேன் ஐயா" என்றான். "குனிஞ்சிருந்தேன். வேற ஒண்ணும் பாக்கல. அவரு பேர நான் சொல்லியிருக்கக் கூடாது."

பின்னால் நின்ற தெற்குத்தெரு ஆட்கள் சிலர் வெளியே போனார்கள். நீதிபதி நிமிர்ந்து பார்த்தார், கண்டித்தார், எழுதிக்கொண்டார். கேஸ் இனி நிற்காது, அடுத்த வாய்தாவில் முடிந்துவிடும் என்று வக்கீல் வராந்தாவில் சொன்னபோது மெட்டில்டா தூணைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஜெசிந்தா அவள் முகத்தைத் துடைத்துவிட்டு டீ வாங்கிக் கொடுத்தாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் பெண்கள் இருவரும் முன்னால் உட்கார்ந்து பையிலிருந்து நூலை எடுத்தார்கள். ஆண்கள் பின்னால் ஒரே இருக்கையில் உட்கார்ந்தார்கள். உச்சி வெயில், பஸ் அடுப்பாகக் கொதித்தது. இரண்டு பேரும் காலையில் மாட்டிய குல்லாவைக் கழற்றவில்லை, வேர்வை கழுத்து வழியாகச் சட்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. யார் முதலில் கழற்றுவது என்பதில் இருவருக்கும் ஒரு தயக்கம் இருந்திருக்கும்.

கண்டக்டர் அவர்களிடம் வந்து நின்றார். "என்ன, ரெண்டு பேருக்கும் காய்ச்சலா?"

"இல்ல, கிறிஸ்மஸ்" என்றான் அருளப்பன்.

"அது எப்பவோ முடிஞ்சிட்டே!"

"எங்க ஊருல இன்னும் முடியல."

கண்டக்டர் சிரித்துக்கொண்டே டிக்கெட் மிஷினைத் தட்டினார். "எங்க? எத்தன?"

அருளப்பன் சட்டைப்பைக்குள் கை விட்டான். அதற்குள் கிளீட்டஸின் குரல் முந்திக்கொண்டு கேட்டது. பழைய நாளில் வள்ளத்திலிருந்து கரைக்குக் கூப்பிடுவானே, அந்தக் குரல்.

"இராயப்பர்துறை, நாலு. எல்லாரும் ஒண்ணாத்தான்."

முன்னால் ஜெசிந்தாவின் விரலிலிருந்து ஒரு கண்ணி நழுவிற்று. மெட்டில்டா தன் கொக்கியை நீட்டி, அதைப் பிடித்துத் திரும்பவும் மேலே ஏற்றிக் கொடுத்தாள்.